அப்பாவின் இதயம் இரண்டு வாரத்தில் எப்படிச் சுருங்கியது?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நாங்கள் சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறோம். அப்பா ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் முப்பது வருஷமாக வேலை பார்க்கிறார். வயது 61. போன மாதம் காய்ச்சலும் சளியுமாகப் படுத்துவிட்டார். கீழே கூட்டிவந்து ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கட்டிலில் படுத்தபடியே நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் 'செஸ்ட் ஏ.பி. சுபைன், கார்டியோமெகலி' என்று இருந்தது. ஹார்ட் பெரிதாகிவிட்டது என்றார்கள். இரண்டு வாரம் கழித்து வேறோர் இடத்தில் எடுத்ததில் 'செஸ்ட் பி.ஏ. வியூ, ஹார்ட் சைஸ் நார்மல்' என்று வந்திருக்கிறது. முதல் இடத்தில் ஏமாற்றிவிட்டார்கள் என்கிறான் தம்பி. அப்பா இரண்டையுமே நம்பாமல் பயந்து உட்கார்ந்திருக்கிறார். இன்னொன்று: என் தங்கைக்கு ஐந்தாம் மாதம், முதல் பிரசவம் சிசேரியன். ஸ்கேனில் 'பிளாசென்டா ஆண்டீரியர்' என்று போட்டிருக்கிறார்கள். போனில் மொழிபெயர்த்துப் பார்த்தால் 'முந்தைய' என்று காட்டுகிறது. முந்தைய நஞ்சுக்கொடி என்றால் பழைய பிரசவத்தில் தங்கிவிட்டதா? இந்த ஆண்டீரியர், போஸ்டீரியர் எல்லாம் எதற்கு முன், எதற்குப் பின்? அப்பா பழம் பறிக்கும் சீசனுக்கு மேலே போகலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் தம்பியைச் சமாதானப்படுத்துங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் யாரும் ஏமாற்றியதாகத் தெரியவில்லை. ஒரே இதயத்தை எதிரெதிர்த் திசைகளிலிருந்து படம் எடுத்திருக்கிறார்கள். எந்தத் திசை என்பது இரண்டு ரிப்போர்ட்டிலும் முதல் வரியிலேயே இருக்கிறது. அந்த இரண்டு எழுத்துகளுக்கு என்ன பொருள் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் குறை கதிரியக்க மருத்துவர்களாகிய எங்களுடையது. அதனால்தான் இந்தப் பதில் கொஞ்சம் நீளமாகவே வருகிறது.

ஆண்டீரியர் என்றால் உடம்பின் முன்பக்கம். போஸ்டீரியர் என்றால் பின்பக்கம். எக்ஸ்ரேயில் 'ஏ.பி.' என்று போட்டிருந்தால் கதிர் முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் வெளியேறியிருக்கிறது. 'பி.ஏ.' என்றால் முதுகில் நுழைந்து மார்பு வழியே வெளியே வந்திருக்கிறது. எழுத்துகளின் வரிசைதான் கதிர் போன வழி. என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு இதை வெண்ணிப் போர்க்களத்தை வைத்துச் சொல்லிக்கொடுப்பேன். கரிகாலன் எறிந்த வேல் சேரமான் பெருஞ்சேரலாதனின் மார்பில் பாய்ந்து முதுகு வழியே வெளியேறியது என்றும், முதுகில் உண்டான அந்தப் புறப்புண்ணுக்கு நாணி அவன் வடக்கிருந்து உயிர் துறந்தான் என்றும் சொல்வார்கள். வேல் நுழைந்தது முன்னால், வெளிவந்தது பின்னால். அதுதான் ஏ.பி. ஒருமுறை கேட்ட பிள்ளைகள் பிறகு குழம்புவதில்லை.

வழி மாறினால் அளவு ஏன் மாற வேண்டும்? எக்ஸ்ரே என்பது ஒரு நிழல். கரண்ட் போன ராத்திரியில் சிம்னி விளக்குக்கு முன்னால் கையை மடக்கிச் சுவரில் மானும் நாயும் காட்டியிருப்பீர்கள். கை சுவரை ஒட்டியிருந்தால் நிழல் ஏறக்குறையக் கையளவே விழும், ஓரமும் தெளிவாக இருக்கும். விளக்குப் பக்கம் கையைக் கொண்டுபோகப் போக நிழல் பெருத்து ஓரம் மங்கும். இங்கே விளக்கின் இடத்தில் எக்ஸ்ரே குழாய், சுவரின் இடத்தில் பிளேட். இதயமோ மார்புக்கூட்டின் நட்டநடுவில் இல்லை. நெஞ்செலும்புக்குப் பின்னால், முன்பக்கமாகத் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. பி.ஏ. எடுக்கும்போது ஆள் மார்பைப் பிளேட்டில் அழுத்திக்கொண்டு நிற்பதால் இதயம் பிளேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். குழாய் முதுகுப் பக்கம் 180 சென்டிமீட்டர், அதாவது ஆறடி தள்ளி நிற்கும். கட்டிலில் எடுக்கும் ஏ.பி.யில் பிளேட்டை முதுகுக்கு அடியில் செருகுவார்கள். இதயம் அதிலிருந்து விலகிவிடும். உருட்டிக்கொண்டு வரும் மெஷினின் குழாயும் பெரும்பாலும் 100 சென்டிமீட்டர் உயரத்தில்தான் இருக்கும்.

கணக்குப் போட்டே பாருங்கள். இதயத்தின் அகலம் 12 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பி.ஏ.யில் இதயத்துக்கும் பிளேட்டுக்கும் 10 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் நிழல் சுமார் 12.7 சென்டிமீட்டர். ஏ.பி.யில் அந்த இடைவெளி 16 சென்டிமீட்டர் ஆகி, குழாயும் கிட்டத்தில் வந்துவிட்டால் நிழல் சுமார் 14.3. இதயம் மாறவில்லை, நிழல் மட்டும் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் பெருத்துவிட்டது. மார்புக்கூட்டின் நிழலும் ஏ.பி.யில் பெருக்கும் என்றாலும் இதயத்தின் அளவுக்குப் பெருக்காது.

இதோடு படுக்கையும் சேர்ந்துகொள்கிறது. மல்லாந்து படுத்தால் வயிறு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை மேலே தள்ளும். இதயம் சற்றுக் குறுக்கே சாய்ந்து அகலமாகத் தெரியும். காய்ச்சலில் இருமிக்கொண்டிருப்பவரால் மூச்சை முழுக்க இழுத்துப் பிடிக்கவும் முடியாது. இதயத்தின் அகலம் மார்புக்கூட்டின் உள் அகலத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு விதி வைத்திருக்கிறோம். பெரியவர்கள் நின்றபடி, நன்றாக மூச்சை இழுத்து எடுத்த பி.ஏ. படத்துக்கு உரிய விதி அது. கட்டிலில் எடுத்த படத்தின் மேல் அதே ஸ்கேலை வைத்தால் நல்ல இதயமும் பெரிய இதயம் ஆகிவிடும்.

இரண்டாவது படம் எடுத்தது எப்படி என்று அப்பாவைக் கேட்டுப் பாருங்கள். மோவாயைத் தூக்கிப் பலகைமேல் வைத்து, கைகளை இடுப்பில் ஊன்றி, முழங்கையை முன்னால் தள்ளச் சொல்லி, "மூச்சை நல்லா இழுத்துப் புடிங்க" என்றிருப்பார்கள். முழங்கையை முன்னால் தள்ளினால் தோள்பட்டை எலும்புகள் நுரையீரலின் மேலிருந்து விலகிக்கொள்ளும். பெண்களுக்கு இதில் இன்னொரு நன்மை உண்டு. கதிர் முதுகில் நுழைவதால் மார்பகத்துக்கும் தைராய்டுக்கும் போய்ச் சேரும் அளவு குறைகிறது. முதுகெலும்பு வளைந்த சிறுமிகளுக்கு அடிக்கடி படம் எடுக்க நேரும்போது பி.ஏ.யாக எடுக்கச் சொல்வது அதனால்தான்.

நீங்கள் படத்தைத் தூக்கிப் பார்த்து எது ஏ.பி., எது பி.ஏ. என்று கண்டுபிடிப்பது கஷ்டம். கதிர் எந்த வழியாகப் போயிருந்தாலும் நோயாளி எங்களைப் பார்த்து நிற்பதுபோலத்தான் படத்தை மாட்டுவோம். அவருடைய வலது கை எங்களுக்கு இடப்பக்கம் இருக்கும். ஆகவே அந்த இரண்டு எழுத்துகள்தான் ஆதாரம்.

கட்டிலில் எடுப்பது குறைபட்ட வேலை என்றும் நினைத்துவிடாதீர்கள். நிற்க முடியாதவருக்கு வேறு வழியில்லை. நிமோனியாவா என்று பார்க்கத்தான் அன்றைக்கு எடுத்திருப்பார்கள், அதற்கு அந்தப் படம் உதவியிருக்கும். ஆனால் 'கார்டியோமெகலி' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் "படுத்த நிலையில் எடுத்த ஏ.பி. படம், இதய அளவை இதில் உறுதி செய்ய இயலாது" என்று ஒரு வரி இருந்திருக்க வேண்டும். இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, ஏனென்றால் அந்த வரியை எழுதாமல் விட்டவள் நானும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மலையிலிருந்து வந்த ஒரு பெரியவரின் கட்டில் படத்துக்கு 'இதயம் பெரிது' என்று மட்டும் எழுதி அனுப்பினேன். அவர் மூட்டை தூக்குவதை விட்டார், ஆட்டை விற்றார், மகளின் கல்யாணத்தை அவசரமாக முடித்தார். எட்டு மாதம் கழித்து வேறு எதற்கோ நின்று எடுத்த படம் என் மேசைக்கு வந்தது. இதயத்தில் ஒரு குறையும் இல்லை. அவரை உட்காரவைத்து விளக்கினேன். அவர் என்மேல் கோபப்படவில்லை. ஆட்டை மட்டும் திரும்ப வாங்க முடியவில்லை என்றார். கட்டில் படம் எதுவானாலும் அந்த ஒரு வரியை எழுதாமல் இன்றுவரை நான் கையெழுத்துப் போடுவதில்லை.

எதற்கு முன், எதற்குப் பின் என்று கேட்டிருக்கிறீர்கள். மருத்துவப் படிப்பில் முதல் வாரம் கற்றுக்கொடுப்பது அதைத்தான். ஓர் ஆள் நிமிர்ந்து நின்று நேரே பார்க்கிறார், கைகள் பக்கவாட்டில் தொங்குகின்றன, உள்ளங்கை முன்னோக்கி இருக்கிறது. அந்த நிலையை வைத்துத்தான் உடம்பின் எல்லாத் திசைகளுக்கும் பெயர். அவர் படுத்தாலும் குப்புற விழுந்தாலும் பெயர் மாறாது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறுகிறோமே, பள்ளம் ஒரு வளைவில் இடப்பக்கம் வரும், அடுத்த வளைவில் வலப்பக்கம் வரும். பஸ்ஸின் முன்படிக்கட்டு எந்த வளைவிலும் முன்படிக்கட்டுதான். உடம்பும் தன் முன்னையும் பின்னையும் கூடவே எடுத்துக்கொண்டு போகிறது. பார்க்கிற டாக்டரையோ கட்டிலையோ வைத்து அது மாறுவதில்லை. உடற்கூறு அறையில் மேசைமேல் மல்லாந்து கிடக்கும் உடலைப் பார்த்து, கூரையை நோக்கியிருக்கும் மார்பை 'மேல்பக்கம்' என்று சொல்லி நாங்கள் எல்லோரும் ஒருமுறையாவது திட்டு வாங்கியிருக்கிறோம். மேல் என்றால் தலைப்பக்கம். மார்பு எப்போதும் முன்.

இந்தப் பெயர்களை ஒழுங்குபடுத்தவே உடற்கூறு அறிஞர்கள் பல தடவை கூடியிருக்கிறார்கள். ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த அதே 1895-இல்தான் பாசல் நகரில் முதல் பொதுப் பெயர்ப்பட்டியல் முடிவானது. 1935-இல் யேனா நகரில் வேறொரு பட்டியல் வந்தது. நாலுகால் பிராணிகளுக்கும் பொருந்தட்டும் என்று முன், பின் என்பதை எடுத்துவிட்டு வயிற்றுப் பக்கம், முதுகுப் பக்கம் என்ற பொருளில் வென்ட்ரல், டார்சல் என்று வைத்தார்கள். ஆட்டுக்கு வயிறு கீழே இருக்கிறது, நமக்கு முன்னால் இருக்கிறது என்பதுதான் சிக்கல். 1955-இல் பாரிஸில் மறுபடி மனிதருக்கு முன், பின் என்றே ஆக்கிவிட்டார்கள். ஆனாலும் டார்சல் என்ற சொல் கையிலும் காலிலும் தங்கிவிட்டது. கால் ரிப்போர்ட்டில் 'டார்சம்' என்று பார்த்துக் குதிகால் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. செருப்பு வார் பதியும் மேற்பக்கம்தான் அது. தமிழில் இதற்கு அச்சாகப் பொருந்தும் சொல் இருக்கிறது: புறங்கை, புறங்கால். முதுகைச் சொல்லும் அதே 'புறம்'. ரிப்போர்ட்டை வீட்டாருக்கு விளக்கும்போது நான் இந்தச் சொல்லைத்தான் சொல்கிறேன், உடனே புரிந்துவிடுகிறது.

நிழலில் ஒரு பெரிய இழப்பு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். முன்னிருந்து பின்வரை உள்ள எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே தாளாகிவிடும். எது முன், எது பின் என்பதே காணாமல் போகும். செவ்வாய்பேட்டையிலிருந்து ஒரு ராத்திரி மூன்று வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு ரூபாய் நாணயத்தை வாயில் போட்டு விளையாடியிருக்கிறான். கழுத்தில் மூச்சுக்குழாய் முன்னால் இருக்கிறது, உணவுக்குழாய் அதற்கு நேர் பின்னால். நாணயம் எதில் இருக்கிறது என்பதற்கு நேர்ப்படத்திலேயே ஒரு குறிப்புக் கிடைக்கும். முழு வட்டமாகத் தெரிந்தால் பெரும்பாலும் உணவுக்குழாய், விளிம்பு மட்டும் கோடாகத் தெரிந்தால் மூச்சுக்குழாய். மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு வளையங்கள் பின்பக்கம் மூடாமல் திறந்திருப்பதால் நாணயம் முன்பின்னாகத் திரும்பி நிற்கும் என்பது நாங்கள் படித்த விளக்கம். இருந்தாலும் பக்கவாட்டில் இன்னொரு படம் எடுக்காமல் விடுவதில்லை. அதில்தான் முன்னும் பின்னும் திரும்பக் கிடைக்கும். அந்தப் பையனுக்கு உணவுக்குழாயில் இருந்தது, எடுத்துவிட்டார்கள். அந்த இரண்டாவது படத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கும் பட்டன் பேட்டரியும் நாணயம் போலவே வட்டமாகத் தெரியும். உற்றுப் பார்த்தால் நேர்ப்படத்தில் இரட்டை வளையமும், பக்கவாட்டுப் படத்தில் ஓரத்தில் ஒரு படியும் தெரியும். உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துப் புண்ணாக்கத் தொடங்கிவிடும். குழந்தை பேட்டரியை விழுங்கியது என்ற சந்தேகம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தங்கை விஷயம். போன் சொன்ன 'முந்தைய' என்பதை மறந்துவிடுங்கள். தமிழில் 'முன்' என்பது காலத்துக்கும் வரும் இடத்துக்கும் வரும், மெஷின் காலத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. பழைய பிரசவத்தின் நஞ்சு எதுவும் தங்கவில்லை. இந்தக் குழந்தையின் நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் முன்சுவரில், அதாவது வயிற்றுப் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். முன்சுவரும் பின்சுவரும் இரண்டுமே இயல்பு. குழந்தைக்கும் வயிற்றுத் தோலுக்கும் நடுவே மெத்தை போல இருப்பதால் குழந்தை உதைப்பது சற்றுத் தாமதமாகவோ மெதுவாகவோ தெரியலாம். முன்னால் ஒட்டினால் இன்ன குழந்தை, பின்னால் ஒட்டினால் இன்ன குழந்தை என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அதற்கு எந்த அடிப்படையும் இல்லை. பாலினத்தைக் கேட்பதும் சொல்வதும் 1994-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம்.

ஆனால் முதல் பிரசவம் சிசேரியன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் ரிப்போர்ட்டின் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். சிசேரியன் தழும்பு கர்ப்பப்பையின் முன்சுவரில், கீழ்ப்பகுதியில் இருக்கும். நஞ்சுக்கொடி முன்சுவரில் மேலே இருந்தால் கவலையில்லை. முன்சுவரில் கீழே இறங்கித் தழும்பின்மேல் உட்கார்ந்திருந்தால் அது சுவருக்குள் வேர்விட்டுப் பிடித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. நஞ்சுக்கொடியின் கீழ் விளிம்பு கர்ப்பப்பை வாயிலிருந்து 20 மில்லிமீட்டருக்குள் இருந்தால் 'தாழ்ந்தது' என்று எழுதுவோம். ஐந்தாம் மாதத்தில் தாழ்ந்து தெரிவதில் பெரும்பாலானவை கர்ப்பப்பை வளர வளர மேலே போய்விடும். அப்படி எழுதியிருந்தால் 32 வாரம் சுமாருக்கு மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்வார்கள், அதைத் தவறவிடக் கூடாது. அப்போதும் தழும்பின்மேலேயே இருந்தால் ரத்த வங்கியும் எல்லா வசதியும் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் பார்க்க வேண்டும். ஸ்கேன் எடுக்கும் மருத்துவரிடம் "முன்னாடி சிசேரியன் ஆயிருக்குங்க, தழும்புகிட்ட நஞ்சு இருக்குதான்னு பாருங்க" என்று தங்கையே வாய்விட்டுச் சொல்லட்டும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அம்மாப்பேட்டை என்றதும் தறிக்குழியில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு வலியோடு வருகிறவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களுடைய எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் 'போஸ்டீரியர் டிஸ்க் பல்ஜ்' என்று இருக்கும், ஜவ்வு விலகிவிட்டது என்று வீட்டில் அழுவார்கள். முதுகெலும்பின் உருளைக் கட்டைகள் முன்னால், நரம்பு போகும் குழாய் அவற்றுக்குப் பின்னால். ஜவ்வு முன்பக்கம் பிதுங்கினால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. பின்பக்கம் பிதுங்கினால்தான் நரம்பைத் தொடும், அதனால்தான் 'பின்' என்ற சொல்லை நாங்கள் தவறாமல் எழுதுகிறோம். வலியே இல்லாதவர்களை எடுத்துப் பார்த்தாலும் வயது ஏற ஏற இந்தப் பிதுக்கம் தெரியத்தான் செய்யும். கால் மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் போவது, சிறுநீர் அடங்காமல் போவது போன்றவை இருந்தால்தான் அவசரம். பக்கவாட்டுப் படத்தின் ஓரத்தில் ஏ, பி என்ற எழுத்துகள் இருக்கும். வழக்கமாக இடது ஓரத்தில் ஏ, அது வயிற்றுப் பக்கம்.

இனி அப்பா. நின்று எடுத்த பி.ஏ. படத்தில் இதய அளவு இயல்பு என்பது நல்ல செய்தி. அதற்காக இதயத்தில் எதுவுமே இல்லை என்று அந்தப் படம் சொல்லிவிடவில்லை. ரத்தக்குழாய் அடைப்பு எக்ஸ்ரேயில் தெரியாது. மேடு ஏறும்போது முன்பைவிட மூச்சு வாங்குகிறதா, சாயங்காலம் கால் வீங்குகிறதா, ராத்திரி தலைக்கு உயரம் வைத்தால்தான் தூக்கம் வருகிறதா, நெஞ்சில் அழுத்தம் உண்டா என்று கேளுங்கள். பிரஷரும் சுகரும் பார்த்துவிடுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுக்க வேண்டும். எக்கோவில் இதயத்தின் அறைகளை நேரடியாக அளக்கலாம், நிழல் கணக்குத் தேவைப்படாது. ஒன்றுமே இல்லாவிட்டாலும் 61 வயதில், பயம் பிடித்திருக்கும் மனிதருக்கு ஒருமுறை எக்கோ எடுப்பதை நான் வீண் செலவு என்று சொல்லமாட்டேன். போகும்போது இரண்டு படங்களையும் உறையோடு கொண்டுபோங்கள். ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோனால் போதாது.

சேர்வராயன் மலையில் பழம் பறிப்பு நவம்பர் வாக்கில்தானே சூடுபிடிக்கும், அதற்குள் இதெல்லாம் முடிந்துவிடும். எக்கோவும் சரியாக இருந்து சளியும் முழுக்கத் தீர்ந்திருந்தால் அவர் மேலே போகலாம். முதல் பத்து நாள் பழம் மட்டும் பறிக்கட்டும், மூட்டையை வேறு யாராவது தூக்கட்டும்.